உயர்தர ஹைப்ரிட் வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்வும் (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) டிரான்சிஸ்டரும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்து உழைக்கும் விலையுயர்ந்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரை வாங்கியவர்களும் வாங்க எண்ணுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எந்த மாடலை வாங்கலாம் என்று இப்பக்கம் சொல்லாது. வாங்கிய கருவியோடு எப்படிப் பழகுவது என்பதே இதன் பொருள்.

ஹைப்ரிட் என்று எதைச் சொல்கிறார்கள்? முழு வால்வுக் கருவியிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஹெட்போன் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு வேலைகள் உண்டு. உள்ளே வரும் சிறிய மின்னழுத்தத்தைப் பெரிதாக்குவது ஒன்று. ஹெட்போனின் சுருளை அசைக்கத் தேவையான மின்னோட்டத்தைத் தட்டுப்பாடின்றி வழங்குவது மற்றொன்று. முதல் வேலையை வால்வு அநாயாசமாகச் செய்யும். இரண்டாவது வேலை அதற்குச் சுமை. நூற்றுக்கணக்கான வோல்ட்டில் சில மில்லியாம்பியர்களைக் கையாள்வதுதான் சிறிய வால்வின் இயல்பு. ஹெட்போனோ சில வோல்ட்டில் பல பத்து மில்லியாம்பியர் கேட்கிறது. இந்த இடைவெளியை முழு வால்வுக் கருவிகள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டு நிரப்புகின்றன. ஓடிஎல் எனப்படும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகைகளோ பெரும்பாலும் 300 ஓம், 600 ஓம் போன்ற உயர் இம்பீடன்ஸ் (மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) கொண்ட ஹெட்போன்களோடு மட்டுமே நன்றாக ஒத்துப்போகின்றன.

ஹைப்ரிட் அமைப்பில் மின்னழுத்தத்தைப் பெருக்கும் முதற்படி வால்விடமும், மின்னோட்டம் தரும் கடைசிப்படி மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகையிடமோ சாதாரண டிரான்சிஸ்டரிடமோ இருக்கும். 6எஸ்என்7, இசிசி88, அதன் உயர்தர வடிவமான 6922, 12ஏயூ7 ஆகியவை இந்த முதற்படியில் அடிக்கடி காணப்படும் வால்வுகள். இவை எல்லாமே ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகளை (மூன்று மின்முனை கொண்ட பெருக்கும் உறுப்புகளை) கொண்டவை. ஆகவே ஒரே வால்வு இடது, வலது இரண்டு சேனல்களையும் கவனித்துக்கொள்ள முடியும். ஷீட் நிறுவனத்தின் லைர் 3 ஒரே ஒரு 6எஸ்என்7-ஐக் கொண்டு இயங்குவது இதற்கு எடுத்துக்காட்டு. கோர்க் நிறுவனமும் நோரிடாகே நிறுவனமும் சேர்ந்து 2015-இல் அறிவித்த நியூடியூப் என்னும் தட்டையான சிறு வால்வும் சில ஹைப்ரிட்களில் இடம்பெறுகிறது. ஒளிரும் எண்களைக் காட்டும் பழைய டிஸ்ப்ளேக்களின் தொழில்நுட்பத்தில் பிறந்தது அது. மின்சாரம் மிகக் குறைவாகவே எடுக்கும்; அதிர்வுக்கு மட்டும் சற்று எளிதில் கலங்கும்.

வால்வு ஒலி என்று புகழப்படுவது ஹைப்ரிட்டில் எவ்வளவு கிடைக்கும்?

விற்பனை விளம்பரம் சொல்வதைவிடக் குறைவாகவும், வால்வை வெறும் அலங்காரம் என்பவர்கள் நினைப்பதைவிடச் சற்று அதிகமாகவும் கிடைக்கும். ஏனென்று புரிய, வால்வுக் கருவிகளின் தனித்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதற்காரணம் சீரிசைச் சிதைவு. டிரையோடு ஒரு ஒலியைப் பெருக்கும்போது அதன் இரண்டாம் சீரிசையை, அதாவது இரு மடங்கு அதிர்வெண் கொண்ட ஒலியை, சிறிதளவு கூடவே சேர்த்துவிடுகிறது. மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தின் இரண்டாம் சீரிசை என்பது தார ஸ்தாயி ஸட்ஜமே. எனவே அந்தக் கலப்பு இசைக்குப் பகையாக ஒலிப்பதில்லை. நல்ல டிரான்சிஸ்டர் கருவியில் மொத்தச் சிதைவு 0.001 சதவீதத்தையும் விடக் குறைந்திருக்கும்போது, எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிச் சிதைவைக் குறைக்கும் முறை) குறைவாக வைத்து வடிவமைக்கப்பட்ட ஹைப்ரிட்டில் அது 0.1 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம். மிதமான ஒலியளவில் இந்த 0.1 சதவீதத்தை இசைக்கு நடுவே செவி பிரித்தறிவது மிகக் கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் காரணம் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ். முழு வால்வுக் கருவிக்கும் ஹைப்ரிட்டுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. 300 ஓம் என்று எழுதப்பட்ட டைனமிக் ஹெட்போன் ஒன்று 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒத்ததிர்வில் 500 ஓம் வரை உயரும் என்று கொள்வோம். அதை 120 ஓம் வெளியீட்டு இம்பீடன்ஸ் கொண்ட ஓடிஎல் கருவியோடு இணைத்தால், நடுச்சுரங்களில் ஏறத்தாழ 2.9 டெசிபல் இழப்பு ஏற்படும். கீழ்ச்சுரப் பகுதியில் இழப்பு 1.9 டெசிபல்தான். விளைவாக, பேஸ் பகுதி 1 டெசிபல் உயர்ந்து ஒலிக்கும். பலர் கதகதப்பு என்று வர்ணிப்பதில் கணிசமான பங்கு இந்த ஒரு டெசிபல். அதே ஹெட்போனை 0.5 ஓம் கொண்ட ஹைப்ரிட்டில் செருகினால் அந்த வேறுபாடு 0.01 டெசிபலுக்கும் கீழே போய்விடும். ஹெட்போன் தன் இயல்பான குரலிலேயே பேசும்.

எனவே, கனத்த, தளர்ந்த, மெழுகுபோல் வழியும் ஒலியை எதிர்பார்த்து ஹைப்ரிட் வாங்குபவர் ஏமாறுவார். அந்த ஒலிதான் வேண்டுமென்றால் முழு வால்வுக் கருவியைத் தேடுவதே நேர்வழி. டிரான்சிஸ்டரின் பிடிமானத்தோடு வால்வின் சாயல் லேசாக இருந்தால் போதும் என்பவருக்கே ஹைப்ரிட் ஏற்றது.

எனது ஹெட்போனுக்கு எத்தனை வாட் வேண்டும்?

வாட் என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். சென்ஹைசர் எச்டி 650-இன் இம்பீடன்ஸ் 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலிக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. இசையின் உச்சக் கணங்களில் 110 டெசிபலைத் தொட அதற்கு 2.24 வோல்ட்டும் 7.5 மில்லியாம்பியரும் போதும். திறனாகக் கணக்கிட்டால் 17 மில்லிவாட். ஹைஃபைமேன் எச்இ-6 என்ற பிளேனார் (காந்தங்களுக்கு அருகே தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை) ஹெட்போனின் இம்பீடன்ஸ் 50 ஓம். 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். அதே 110 டெசிபலுக்கு அது கேட்பது 4.7 வோல்ட், 95 மில்லியாம்பியர், ஏறத்தாழ 450 மில்லிவாட். முன்னதை கைப்பேசியில் செருகும் நல்ல சிறு டாங்கிளே ஓரளவு ஓட்டிவிடும். பின்னதற்குத்தான் பெரிய கருவியின் மின்னோட்டம் தேவைப்படுகிறது. ஹைப்ரிட் தன் விலைக்கு நியாயம் செய்வதும் அங்கேதான்.

தயாரிப்பாளர் தரும் எண்களைப் படிக்கும்போது எந்த இம்பீடன்ஸில் அளந்தார்கள் என்பதைப் பாருங்கள். 32 ஓமில் 6 வாட் என்று எழுதப்பட்டிருந்தால், அது ஏறத்தாழ 13.9 வோல்ட் என்று பொருள். அதே 13.9 வோல்ட் 300 ஓமில் 0.64 வாட்தான் ஆகும். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது எப்போதும் முதல் எண்தான்.

ஒன்று நினைவிருக்கட்டும். 110 டெசிபல் என்பது கண நேர உச்சத்துக்கான கணக்கு. தொடர்ந்து கேட்பதற்கானது அல்ல. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் சராசரியாக 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறையும். சிதைவு குறைந்த பெரிய கருவியில் ஒலியளவு ஏறியதே தெரியாது என்பதால் இந்த எச்சரிக்கை இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

காதுக்குள் செருகும் இயர்போன்களை இதில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. உணர்திறன் மிகுந்த இயர்போன்களில் வால்வின் இயல்பான இரைச்சல் பாட்டு நிற்கும்போதெல்லாம் உஸ்ஸென்று கேட்கும். வால்யூம் குமிழை நூலிழை திருப்பினாலும் ஒலி எகிறும். கருவியில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பாதுகாப்பு இல்லையென்றால் ஆன் செய்யும்போது வரும் மின்னழுத்தத் துள்ளல் சின்னஞ்சிறு டிரைவர்களைக் கெடுத்துவிடக்கூடும்.

கெயின் சுவிட்சை எந்த நிலையில் வைக்க வேண்டும்?

உள்ளே வரும் மின்னழுத்தத்தைக் கருவி எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதே கெயின். பெரும்பாலானவர்களுக்குக் குறைந்த கெயினே சரி. டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் இன்றைய டிஏசி கருவிகள் பொதுவாக ஆர்சிஏ என்னும் சாதாரணச் செருகி வழியாக 2 வோல்ட்டும், எக்ஸ்எல்ஆர் என்னும் பேலன்ஸ்டு செருகி வழியாக 4 வோல்ட்டும் தருகின்றன. நான்கு மடங்கு பெருக்கும் உயர் கெயினில் 2 வோல்ட் 8 வோல்ட்டாகிறது. மேலே கண்ட 300 ஓம் ஹெட்போனுக்கு உச்சத்தில்கூட 2.24 வோல்ட்தான் வேண்டும். ஆகவே வால்யூம் குமிழ் எப்போதும் எட்டு மணி, ஒன்பது மணி நிலையிலேயே நின்றுவிடும். குமிழுக்குப் பின்னால் உள்ள மாறும் மின்தடையான சாதாரண பொட்டன்ஷியோமீட்டரின் இரண்டு தடங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது பெரும்பாலும் இந்தத் தொடக்கப் பகுதியில்தான். பாடகர் குரல் நடுவிலிருந்து ஒரு காதுப்பக்கம் நகர்ந்து கேட்பது அதன் அறிகுறி. ரிலேயால் படிப்படியாக மாற்றும் வால்யூம் அமைப்புகளில் இக்குறை இல்லை. இயல்பாகக் கேட்கும் அளவில் குமிழ் பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குள் நிற்குமாறு கெயினைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பேலன்ஸ்டு வெளியீட்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமா?

பேலன்ஸ்டு என்பது ஒவ்வொரு சேனலுக்கும் எதிரெதிராக இயங்கும் இரண்டு முனைகளைத் தனியாகக் கொடுக்கும் முறை. கருவி உள்ளும் புறமும் உண்மையாகவே பேலன்ஸ்டாக வடிவமைக்கப்பட்டிருந்தால், நான்கு கால் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டில் மின்னழுத்தம் இரு மடங்காகும். கடினமான பிளேனார்களுக்கு அது பயன்படும். சில கருவிகளில் அந்தச் செருகி வசதிக்காக மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே சுற்று ஒன்றே. அப்போது இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இதில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பேலன்ஸ்டு வயருள்ள ஹெட்போனை அடாப்டர் மூலம் சாதாரண 6.35 மில்லிமீட்டர் துளையில் செருகலாம். ஆனால் சாதாரண மூன்று தொடர்பு கொண்ட ஜாக்கை அடாப்டர் மூலம் பேலன்ஸ்டு வெளியீட்டில் செருகக் கூடாது. அப்படிச் செய்தால் இடது, வலது சேனல்களின் எதிர்முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் புகைந்துவிடக்கூடும்.

கருவி இவ்வளவு சூடாவது சரியா?

சரிதான். உயர்தர ஹைப்ரிட்களின் வெளியீட்டுப்படி பெரும்பாலும் கிளாஸ் ஏ முறையில் இயங்குகிறது. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தை எடுத்து, கிட்டத்தட்ட முழுவதையும் வெப்பமாக வெளியேற்றும். இதற்கு மேல் வால்வின் இழைக்கும் மின்சாரம் வேண்டும். ஒரு 6எஸ்என்7-இன் இழை மட்டுமே 6.3 வோல்ட்டில் 0.6 ஆம்பியர், அதாவது 3.8 வாட் எடுக்கிறது. கையை வைத்தால் சில வினாடிகள் தாங்கக்கூடிய சூடு வெப்பத் தகட்டில் இருப்பது இயல்பு. உள்ளங்கையை உடனே இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுட்டால் காற்றோட்டத்தைக் கவனியுங்கள்.

வெப்பத்தால் முதலில் தேய்வது வால்வு அன்று, மின்பகு மின்தேக்கிகள். சூழல் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. மூடிய அலமாரிக்குள் கருவியை வைப்பதும், அதன் மேல் டிஏசியை அடுக்குவதும் இதனால்தான் கூடாது. மேற்புறமும் பக்கங்களும் ஒரு சாண் இடைவெளியோடு இருக்கட்டும்.

ஆன் செய்யவும் அணைக்கவும் முறை ஏதேனும் உண்டா? எப்போதும் ஆனிலேயே விடலாமா?

நல்ல கருவிகளில் ஆன் செய்தபின் 20 முதல் 60 வினாடி வரை ரிலே வெளியீட்டைத் துண்டித்து வைத்திருக்கும். வால்வு சூடேறி மின்னழுத்தங்கள் நிலைகொண்ட பின் டக் என்ற சிறு ஒலியோடு இணைக்கும். அந்த ஒலி கேட்ட பின்னர் ஹெட்போனைச் செருகுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அணைக்கும்போது முதலில் ஹெட்போனைக் கழற்றுங்கள். வெளியீட்டில் மின்தேக்கியோ டிசி பாதுகாப்போ இல்லாத பழைய வடிவமைப்புகளில் இது வெறும் பழக்கமாக இல்லாமல் கட்டாயமாகிறது. அணைத்த கருவியை உடனே மீண்டும் ஆன் செய்யாமல் ஓரிரு நிமிடம் விடுவது நல்லது.

எப்போதும் ஆனில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். சிறிய சிக்னல் வால்வுகளின் ஆயுள் பொதுவாக 5,000 முதல் 10,000 மணி நேரம் என்று கணக்கிடப்படுவதால், இடைவிடாது ஓடும் கருவியில் ஓராண்டிலேயே ஆயுளின் பெரும்பகுதி கரைந்துவிடும். நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்பவருக்கோ அதே வால்வு குறைந்தது நான்கரை ஆண்டு தாங்கும். கேட்கத் தொடங்கும் முன் இருபது முப்பது நிமிடம் சூடேற விட்டால் போதுமானது.

வால்வு முடிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

திடீரென்று சாகும் வால்வு குறைவு. ஒரு பக்கம் மட்டும் ஒலி மெலிவது, பொரிவது போன்ற சத்தம், முன்பில்லாத இரைச்சல், உச்சங்களில் கரகரப்பு ஆகியவை படிப்படியாகத் தோன்றும். எந்தப் பக்கம் குறை என்று தெரிந்தால், இரண்டு வால்வுக் கருவியில் இடதையும் வலதையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறையும் பக்கம் மாறினால் வால்வில்தான் கோளாறு. மாறாவிட்டால் சுற்றில் வேறெங்கோ. இதைவிட எளிய, நம்பகமான சோதனை வேறில்லை.

கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு கெட்டர் எனப்படும் பேரியப் படலம். உள்ளே எஞ்சும் வாயுக்களை உறிஞ்சிக்கொள்வது அதன் பணி. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது; வால்வைத் தூக்கி எறியலாம். ஆன் செய்த கணத்தில் சில பழைய ஐரோப்பிய வால்வுகளின் இழை பளிச்சென்று ஒளிர்ந்து அடங்குவது இழையின் அமைப்பினால் வருவது, பயப்படத் தேவையில்லை. வால்வின் மீது விரல் படக் கூடாது என்ற அறிவுரையும் ஹாலஜன் விளக்குகளுக்கு உரியது; சிறிய வால்வுகளுக்கு அதனால் தீங்கில்லை. சூடாக இருக்கும்போது தொட்டால் தீங்கு உங்கள் விரலுக்குத்தான்.

எந்த வால்வுக்குப் பதிலாக எந்த வால்வைப் போடலாம்?

சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதற்காக எதையும் போடக் கூடாது. ஒன்பது கால் கொண்ட இசிசி88-உம் 12ஏயூ7-உம் பார்வைக்கு இரட்டையர் போலிருக்கும். உள்ளே முற்றிலும் வேறு. இசிசி88-இன் இழை 4-ஆம், 5-ஆம் கால்களுக்கு இடையே 6.3 வோல்ட் கேட்கிறது. 9-ஆம் கால் உட்புறத் தடுப்புத் தகடு. 12ஏயூ7-இல் அதே 4, 5 கால்களுக்கு இடையே 12.6 வோல்ட் வேண்டும். 9-ஆம் கால் இழையின் நடுமுனை. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் இழை அரைகுறையாகச் சூடாகும், சூடாகாமலே போகும், அல்லது எரிந்துபோகும். சாக்கெட்டின் இணைப்பைப் பொறுத்தது. மின்னழுத்தத்திலும் இதே கதைதான். 12ஏயூ7-இன் ஆனோடு (நேர்மின்முனை) 300 வோல்ட்டைத் தாங்கும். 130 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாதது இசிசி88.

ஒரே குடும்பத்துக்குள் மாற்றுவது பாதுகாப்பானது. இசிசி88, 6டிஜே8, இ88சிசி, 6922 ஆகியவை ஒரு குடும்பம். இதில் 6922-இன் இழை 0.3 ஆம்பியரும் 6டிஜே8-இன் இழை 0.365 ஆம்பியரும் எடுக்கும். சிறிய இவ்வேறுபாட்டைப் பெரும்பாலான கருவிகள் ஏற்றுக்கொள்ளும் என்றாலும் கையேட்டை ஒருமுறை பாருங்கள். எட்டுக் கால் குடும்பத்தில் 6எஸ்என்7-உம் 6எஸ்எல்7-உம் ஒரே கால் அமைப்புக் கொண்டவை. ஆனால் முன்னதன் பெருக்கக் காரணி 20, பின்னது 70. வடிவமைப்பாளர் அனுமதித்திருந்தால் தவிர மாற்ற வேண்டாம். 12எஸ்என்7 என்பது 12.6 வோல்ட் இழை கொண்டது, 6.3 வோல்ட் சாக்கெட்டில் அது உயிர் பெறாது.

கழற்றும்போது கருவியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, நன்றாக ஆற விடுங்கள். எட்டுக் கால் வால்வை அடிப்பாகத்தைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கண்ணாடியைப் பிடித்துத் திருகினால் அடிப்பாகத்தின் ஒட்டு விட்டுப்போகும். ஒன்பது கால் வால்வை மெல்லச் சுழற்றியவாறே நேர்மேலாகத் தூக்குங்கள். எட்டுக் கால் வால்வின் நடுவில் உள்ள சாவித்துண்டு உடைந்திருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். தவறான கோணத்தில் செருகிவிட அது வழி செய்யும்.

பழைய சரக்கு வால்வுகளுக்குப் பல மடங்கு விலை கொடுப்பது தகுமா?

பயன்படுத்தப்படாமல் பெட்டியிலேயே கிடந்த பழைய உற்பத்தி வால்வுகளில் பல உண்மையிலேயே சிறந்தவை, மறுப்பதற்கில்லை. தொலைக்காட்சி டியூனர்களுக்காகப் பிறந்தது இசிசி88. அதன் சிறப்பு வடிவமான இ88சிசிக்கு 10,000 மணி நேர ஆயுளுக்குத் தயாரிப்பாளர்கள் உறுதி கூறினார்கள். அளவுக் கருவிகளுக்கும் தொழில்துறைக்கும் செய்யப்பட்ட அந்தக் கட்டுப்பாட்டின் பலன் குறைந்த இரைச்சலில் தெரியும். ஆனால் ஹைப்ரிட்டில் வால்வின் பங்கு எவ்வளவு என்று மேலே பார்த்தோம். ஒரு ஜோடிக்கு ஹெட்போன் விலையைக் கொடுப்பது சேகரிப்பு ஆர்வத்துக்குப் பொருந்தும். ஒலிக்காக என்றால் அந்தப் பணம் வேறொரு ஹெட்போனில் பல மடங்கு பலன் தரும்.

வாங்குவதாக இருந்தால் மேலே அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். அழித்து வேறு பெயர் அச்சிடுவது எளிது. டெலிஃபங்கன் ஒன்பது கால் வால்வுகளில் கால்களுக்கு நடுவே, கண்ணாடியின் அடியில், வைரக் குறி அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். மையால் குத்தப்பட்டதாகவோ கீறப்பட்டதாகவோ இருந்தால் அது போலி. பிலிப்ஸ், மல்லார்ட் வகைகளில் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மங்கலாகப் பொறிக்கப்பட்ட இரண்டு வரிக் குறியீட்டைத் தேடுங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை, நெதர்லாந்தின் ஹேர்லன் ஆலை என எங்கே செய்யப்பட்டது என்பதை அது காட்டிக்கொடுக்கும். மல்லார்ட், டங்-சால், கோல்டு லயன் ஆகிய பழம்பெயர்களோடு இன்று புதிதாக விற்கப்படுபவை ரஷ்யாவின் சரடோவ் ஆலையில் தயாராகின்றன. அவை தம்மளவில் நல்ல வால்வுகளே. பெயருக்கும் பழைய ஆலைக்கும் தொடர்பில்லை, அவ்வளவுதான். 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது விலைகள் கிடுகிடுவென ஏறின. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனாவின் சில ஆலைகள் ஆகியவையும் இத்துறையில் இருப்பதால் புது வால்வு கிடைக்காமல் போகும் நிலை இல்லை. பிடித்த வால்வில் ஒரு மாற்று ஜோடியை வாங்கி வைப்பது போதுமான முன்யோசனை.

இரண்டு வால்வுகளை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

ஒப்பீடுகளில் பெரும்பாலானவை ஒலியளவைச் சமன் செய்யாததால் பயனற்றுப் போகின்றன. ஒரே வகை வால்வுகளுக்குள்ளேயே பெருக்கம் சற்று மாறும். அரை டெசிபல் கூடினாலும் செவி அதைச் சத்தம் என்று உணராது, தெளிவு என்றும் விரிவு என்றும் உணரும். இரவல் வாங்கிப் போட்ட வால்வு திரையை விலக்கிவிட்டது என்று வியப்பவர்களின் குமிழ் நிலையை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

செய்யும் வழி இது. 300 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் செருகிய நிலையில், பிரிப்பான் அடாப்டரின் இன்னொரு முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளவுங்கள். மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கவை அல்ல என்பதால்தான் 300. முதல் வால்வில் 0.500 வோல்ட் வந்தால் இரண்டாவதிலும் 0.500 வருமாறு குமிழைத் திருப்புங்கள்; 0.506 என்பதே 0.1 டெசிபல் வேறுபாடு. வால்வை மாற்றிச் சூடேற்றவே பத்து நிமிடம் ஆகும். அதற்குள் செவியின் நினைவு மங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஒரு வால்வு பிடித்திருந்தால் அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

உறுமலும் இரைச்சலும் கேட்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உள்ளீட்டு வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கேளுங்கள். உறுமல் நின்றுவிட்டால் கருவி நலமாக இருக்கிறது; கணினி, டிஏசி, ஆம்ப்ளிஃபயர் மூன்றும் தனித்தனிப் பிளக்குகளில் எர்த் ஆகி வளையம் உருவாகியிருக்கிறது. மூன்றையும் ஒரே பலகையில் செருகுவது, யூஎஸ்பிக்குப் பதிலாக ஆப்டிகல் வயரைப் பயன்படுத்துவது, பேலன்ஸ்டு வயருக்கு மாறுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இதைத் தீர்த்துவிடும். பிளக்கின் எர்த் காலை நீக்கிவிட்டால் உறுமல் நிற்கும் என்ற யோசனை உயிருக்கு உலை வைப்பது. உள்ளே உயர் மின்னழுத்தம் உள்ள உலோகப் பெட்டியில் கை வைத்திருக்கிறீர்கள்.

வயர் இல்லாமலும் உறுமினால் வால்வை மாற்றிப் பாருங்கள். குமிழைத் தட்டினால் மணி அடித்ததுபோல் காதில் ஒலித்து அடங்குவது மைக்ரோஃபோனிக்ஸ், அதாவது வால்வின் உள்ளுறுப்புகள் அதிர்வது; புது வால்வில் முதல் சில நாட்களில் அது குறையலாம், இல்லாவிட்டால் ரப்பர் வளையம் உதவும். அவ்வப்போது பொரியும் சத்தம் அழுக்கேறிய கால்களால் வருவதுண்டு. தொடர்பு சுத்திகரிப்புத் திரவத்தைச் சிறிது தடவி, வால்வை ஓரிரு முறை செருகி எடுத்தால் போதும். ஹெட்போனில் இல்லாமல் பெட்டியிலிருந்தே நேராகக் காதில் விழும் உறுமல் டிரான்ஸ்ஃபார்மருடையது. மின்வழங்கலில் கலந்த டிசி அதற்குப் பொதுவான காரணம். இசையை அது தொடாது.

மூடியைத் திறந்து நானே பழுது பார்க்கலாமா?

வேண்டாம். அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் உயிர்பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். வெளியிலிருந்து மாற்றத்தக்க ஃப்யூஸை மட்டும், அதே அளவிலும் அதே மெதுவாக உருகும் வகையிலும் மாற்றலாம். மறுபடி உடனே உருகினால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுசெல்லுங்கள்.

இன்னொருவர் பயன்படுத்திய கருவியை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பின்புறத்தில் எழுதப்பட்ட மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள். 115 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட கருவியை 230 வோல்ட்டில் செருகினால் அதோடு அதன் கதை முடிந்தது. பிறகு ஹெட்போன் இல்லாமல் ஆன் செய்து, அரை மணி நேரம் கழித்து, வெளியீட்டில் டிசி மில்லிவோல்ட்டை இரண்டு பக்கமும் அளவுங்கள். 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வாங்காமல் விடுவது மேல். குமிழை முழுதும் திருப்பிக் கரகரப்பு உண்டா என்று கேளுங்கள். வயது பத்துப் பதினைந்து ஆண்டைத் தாண்டியிருந்தால் மின்தேக்கிகளை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். தயாரிப்பாளர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா, உதிரிபாகமும் சுற்று வரைபடமும் தருகிறாரா என்பதும் முக்கியம். பெயர்பெற்ற காவல்லி ஆடியோ போன்ற சிறிய நிறுவனங்கள் மூடப்பட்டிருக்கின்றன, அவற்றின் கருவிகளோ இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

கருவியை வேறிடத்துக்கு அனுப்பும்போது வால்வுகளை அப்படியே விடலாமா?

விடக் கூடாது. வழியில் ஏற்படும் ஒரு குலுக்கலில் வால்வு சாக்கெட்டிலிருந்து எழும்பி உடைந்தால், கண்ணாடித் தூள் சாக்கெட்டின் பிடிகளுக்குள் இறங்கி அதையும் கெடுத்துவிடும். ஆறிய பின் கழற்றி, எது இடப்பக்கம் எது வலப்பக்கம் என்று அடிப்பாகத்தில் காகிதத்தை ஒட்டி எழுதி, கால்கள் வளையாதபடி தனித்தனிப் பெட்டிகளில் நுரைப்பஞ்சு சுற்றி அனுப்புங்கள். பெறுபவர் செருகும் முன் கால்கள் நேராக இருக்கின்றனவா என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வளைந்த கால் இருந்தால் மூக்குக் குறட்டால் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம்; ஒரே அழுத்தில் நிமிர்த்த முயன்றால் காலின் அடியில் கண்ணாடி கீறிக்கொள்ளும்.